மாஸ்டர் பதில்கள்: இது யாருக்காக எழுதினது?

இந்த மாதம் தபாலில் கிளாரினெட் பற்றி மட்டும் ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. வயலின், கீபோர்டு வாசகர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். ஏற்காட்டுப் பெண்ணுக்குத்தான் நீளமான பதில். அவளுக்கு ஆடிஷன் தேதி நெருங்குகிறது.

கேள்வி: மாஸ்டர் ஐயாவுக்கு வணக்கம். அப்பா காபி எஸ்டேட்டில் ரைட்டர். நான் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளி பேண்டில் பி-பிளாட் கிளாரினெட் வாசிக்கிறேன், கிரேடு 7 பாஸ் செய்திருக்கிறேன். சென்னையில் ஓர் இசைக் கல்லூரியில் சேர நான்கு மாதத்தில் ஆடிஷன். வெவ்வேறு காலத்தைச் சேர்ந்த இரண்டு உருப்படிகள், ஒரு எட்யூட் (பயிற்சி உருப்படி), ஸ்கேல், சைட் ரீடிங் (முன்பின் பார்க்காததைப் பார்த்தவுடன் வாசிப்பது), கடைசியில் நேர்காணல். 'வாசிக்கும் இசையமைப்பாளர்களைப் பற்றித் தெரிந்துகொண்டு வரவும்' என்று போட்டிருக்கிறார்கள். தேடினால் பிறந்த தேதி, இறந்த தேதி, எத்தனை சிம்பொனி என்றுதான் வருகிறது. சிநேகிதிகள் எல்லோரும் மொசார்ட் கன்சர்ட்டோ வாசி என்கிறார்கள். எதைப் படிப்பது, எதை வாசிப்பது?
— மாணவி, ஏற்காடு

பதில்: கண்ணு, பிறந்த தேதியும் சிம்பொனிக் கணக்கும் உனக்கு வேண்டியதில்லை. ஒரே ஒரு கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு தேடு. இந்த உருப்படி யாருக்காக எழுதினது?

பியானோவுக்கு எழுதியவர்கள் பெரும்பாலும் தாங்களே உட்கார்ந்து வாசித்துப் பார்த்து எழுதினார்கள். நம் வாத்தியத்தின் கதை வேறு. மொசார்ட், வெபர், பிராம்ஸ் யாருமே கிளாரினெட்காரர்கள் இல்லை. யாரோ ஒருவர் ஊதக் கேட்டு மயங்கினார்கள். அந்த ஒருவருடைய மூச்சும் விரலும் வாத்தியமும் காதில் நின்றுகொண்டிருக்க, பேனா ஓடியது. அந்த ஆளைத் தெரிந்துகொண்டால், இந்த இடத்தில் ஏன் அடிக்கு இறங்குகிறது, அந்த இடத்தில் ஏன் அவ்வளவு உயரம் தாவுகிறது என்பதெல்லாம் உனக்கே புரிய ஆரம்பிக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்கிறேன். 1978-ல் எனக்கு 22 வயது. வெளியூரில் ஒரு பேண்டுக்கு ஆள் எடுத்தார்கள். எனக்கு நொட்டேஷன் சொல்லிக்கொடுத்தவர் பட்டாளத்து பேண்டில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். அவர் எழுதி வைத்திருந்த வெபர் கன்சர்ட்டினோவை (சின்ன கன்சர்ட்டோ, தனி வாத்தியத்தோடு இசைக்குழு சேர்ந்து வாசிப்பது) நான் கையால் பிரதி எடுத்து, ஆறு மாதம் சாதகம் செய்துவிட்டுப் போனேன். வாசித்து முடித்ததும் மேஜைக்குப் பின்னால் இருந்த பெரியவர், "யாருக்காக எழுதினது இது?" என்று கேட்டார். "வெபர், சார்" என்றேன். "வெபர் எழுதினவர், தம்பி. யாருக்காக எழுதினார்?" எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. இரண்டு ஸ்கேல் கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார். இடம் கிடைக்கவில்லை. அந்த ஒரு கேள்வியால்தான் போயிற்று என்று சொல்ல மாட்டேன், என் டங்கிங்கும் (நாக்கால் ஸ்வரத்தைப் பிரித்து ஊதுவது) அன்று சுத்தமாக இல்லை. ஆனால் சேலம் திரும்பும் ரயிலில் ராத்திரி முழுக்க அந்தக் கேள்வி தூங்க விடவில்லை. நான்கு வருஷம் கழித்து, சென்னை மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய இசைத்தட்டின் அட்டையைத் திருப்பிப் பார்த்தபோது பதில் கிடைத்தது. ஹைன்ரிஷ் பேர்மன், மியூனிக், 1811.

வெட்கமாக இருந்தது. ஏனென்றால் என் அப்பா இதே கேள்வியைக் கேட்காமல் ஒருநாளும் வாத்தியத்தைத் தொட்டதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் பேண்டு செட்டில் அவர் கிளாரினெட். மாப்பிள்ளை அழைப்புக்குப் போனால் பொண்ணு எந்த ஊர், மாப்பிள்ளை வீட்டில் மூத்தவர் யார், ஊர்வலம் எந்தத் தெரு வழியாகத் திரும்புகிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ரீடை வாயில் வைத்து நனைப்பார். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவில் அவர் எடுக்கிற பாட்டு வேறு, கொலுசுப் பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் எடுக்கிற பாட்டு வேறு. வீட்டிலேயே இருந்த பாடத்தை நான் வெபருக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

இப்போது அந்த வெபரையே எடுத்துக்கொள். 1811 மார்ச்சில் அவர் மியூனிக் வந்து சேர்கிறார், வயது 24. அங்கே அரசவை இசைக்குழுவில் பேர்மன் வாசிக்கிறார். கேட்டதும் அவருக்காக மூன்றே நாளில் எழுதினதுதான் கன்சர்ட்டினோ, ஓபஸ் 26 (ஓபஸ் என்பது படைப்பின் வரிசை எண்). ஏப்ரல் 5-ஆம் தேதி அரங்கேற்றம். பவேரியா ராஜாவுக்குப் பிடித்துப்போய் இன்னும் இரண்டு கன்சர்ட்டோ எழுதச் சொன்னார், அந்த இரண்டும் அதே வருஷம் முடிந்துவிட்டன. அந்த வருஷக் கடைசியில் இருவரும் சேர்ந்து பிராக், டிரெஸ்டன், பெர்லின் என்று கச்சேரிப் பயணம் கிளம்பினார்கள். வெறும் ஆர்டர் கொடுத்து எழுதி வாங்கின வேலை இல்லை, சிநேகிதம்.

அந்தக் காலத்தில் ஐந்து, ஆறு கீ (துளையை மூடித் திறக்கும் நெம்பு) உள்ள கிளாரினெட்டை வைத்துக்கொண்டு பலர் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பேர்மனுடையதில் பத்துக் கீ. அதனால்தான் அரைஸ்வரம் அரைஸ்வரமாக நெளிந்து ஓடுகிற இடங்களை வெபர் தைரியமாக எழுத முடிந்தது. கன்சர்ட்டினோவின் நடுவில் வேகமெல்லாம் அடங்கி, 'லெண்டோ' (மிக மெதுவாக) என்று போட்டு, வாத்தியத்தின் அடிக்குரலுக்கே இறங்கும் ஓர் இடம் வரும். நிறையப் பிள்ளைகள் அதை அடுத்த வேகமான பகுதிக்கு முன்னால் கிடைத்த ஓய்வு மாதிரி வாசிக்கிறார்கள். கண்ணு, அந்த இடத்தில்தான் பேர்மன் இருக்கிறார். அவருடைய இருட்டான அடிக்குரலைக் கேட்ட சந்தோஷத்தில் வெபர் எழுதின வரிகள் அவை. அங்கே அவசரப்படாதே. பத்து நிமிட உருப்படியில் நடுவர் நிமிர்ந்து உட்கார்வது அங்கேதான்.

இன்னொரு காரியம் செய். வெபர் அடிப்படையில் நாடக மேடை மனுஷர். 1821-ல் பெர்லினில் அரங்கேறிய 'டெர் ஃப்ரைஷூட்ஸ்' என்ற ஓபராவின் தொடக்க இசையை மட்டும் கேள். நரம்பு வாத்தியங்கள் கீழே நடுங்கிக்கொண்டிருக்க, மேலே ஒரு கிளாரினெட் தனியாக எழும்பி வரும். அதைக் கேட்டபின் கன்சர்ட்டினோவின் முதல் அடாஜியோவை (மெதுவான பகுதியை) எடுத்துப் பார். திரை விலகி ஒரு பாடகி முன்னால் வந்து நிற்கிறாள் என்பது தெரியும். கிளாரினெட் உருப்படியைப் புரிந்துகொள்ள அதே ஆள் எழுதின கிளாரினெட் அல்லாத ஒன்றைக் கேட்பது எனக்கு எப்போதும் பலன் கொடுத்திருக்கிறது.

மொசார்ட்டுக்கு வருவோம். அவருடைய கிளாரினெட் கன்சர்ட்டோ 1791-ல் ஆண்டன் ஷ்டாட்லர் என்ற சிநேகிதருக்காக எழுதினது, மொசார்ட் படைப்புப் பட்டியலில் எண் கே. 622. ஷ்டாட்லரின் வாத்தியம் நம்முடையதைவிட நீளம். நம் கிளாரினெட்டின் அடி ஸ்வரம் நொட்டேஷனில் ஈ (E). அவருடையது சி (C) வரை, நான்கு அரைஸ்வரம் கூடுதலாக இறங்கும். மொசார்ட்டின் கைப்பிரதி தொலைந்துபோயிற்று. அவர் இறந்து பத்து வருஷம் கழித்து அச்சுக்கு வந்தபோது, சாதாரணக் கிளாரினெட்டில் வாசிக்கத் தோதாக அந்த அடி ஸ்வரங்களை ஒரு ஸ்தாயி மேலே தூக்கிவிட்டார்கள். 1802-லேயே லெய்ப்சிக் இசைப் பத்திரிகை ஒன்றின் மதிப்புரை இதைச் சுட்டிக்காட்டிற்று. கீழே போய்க்கொண்டே இருக்கிற வரி சட்டென்று திரும்பி மேலே தாவினால், அது மொசார்ட்டின் தாவல்தானா, பதிப்பாளரின் கைவேலையா என்று சந்தேகப்படு. இந்த ஒரு சந்தேகத்தை நேர்காணலில் உன் வாத்தியத்திலேயே வாசித்துக் காட்டினால் போதும், பத்துப் பக்க வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

அந்த அக்டோபர் 7-ஆம் தேதி மொசார்ட் மனைவிக்கு எழுதின கடிதம் இருக்கிறது. கறுப்புக் காபி வரவழைத்து, ஒரு பைப் புகையிலை பிடித்துவிட்டு, ஷ்டாட்லருடைய ரோண்டோ முழுவதுக்கும் கிட்டத்தட்ட வாத்தியம் பிரித்து எழுதிவிட்டேன் என்கிறார். 'ஷ்டாட்லருடைய' ரோண்டோ, கவனி. தன்னுடையது என்று சொல்லவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி அவர் இறந்துவிட்டார். காபித் தோட்டத்து வீட்டுப் பெண்ணுக்கு இதைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

ஆனாலும் உனக்கு மொசார்ட் வேண்டாம் என்பது என் முடிவு. அது ஏ-கிளாரினெட்டுக்கு எழுதினது, உன்னிடம் இருப்பது பி-பிளாட் (வித்தியாசத்தை அடுத்த பதிலில் சொல்லியிருக்கிறேன்). பி-பிளாட்டுக்கென்று மாற்றி எழுதின பியானோ பகுதியோடு வாசிக்கலாம், தவறில்லை. ஆனால் அன்றைக்கு உனக்கு முன்னும் பின்னும் வருகிறவர்களில் பாதிப் பேர் அதைத்தான் வாசிப்பார்கள். அதோடு, அது ஒளிவதற்கு ஓர் இடம் தராத உருப்படி. ஒரு ஸ்வரம் தடித்தாலும் தெரியும். இரண்டு வருஷம் போகட்டும்.

பிராம்ஸும் இப்போது வேண்டாம், ஆனால் கேட்டுவை. எழுதினது போதும் என்று 1890-ல் முடிவெடுத்தவர், மறு வருஷம் மைனிங்கன் ஊர் இசைக்குழுவில் ரிச்சர்ட் மூல்ஃபெல்ட் வாசிக்கக் கேட்டு மறுபடி பேனா எடுத்தார். மூல்ஃபெல்ட் அதே இசைக்குழுவில் வயலின்காரராகச் சேர்ந்து, கிளாரினெட்டைத் தானே கற்றுக்கொண்டவர். 1894-ல் வந்த ஓபஸ் 120 சொனாட்டாக்கள் இரண்டும் அந்த ஒரு மனுஷரால் நமக்குக் கிடைத்தவை. டெபுஸ்ஸியின் ராப்சடி, பாரிஸ் கன்சர்வட்டோரி என்ற இசைக் கல்லூரியின் 1910-ஆம் வருஷப் பரீட்சைக்கென்றே எழுதினது. உன்னைப் போலக் கை நடுங்கிக்கொண்டு நின்ற பிள்ளைகள்தான் அதன் முதல் வாத்தியக்காரர்கள். அதே பரீட்சைக்கு சைட் ரீடிங்குக்காக அவர் எழுதின 'பெத்தீத் பியெஸ்' சின்னது, அழகானது. உன் சைட் ரீடிங் பழக்கத்துக்கு அதை எடுத்துக்கொள்.

இரண்டாவது உருப்படிக்கு என் சிபாரிசு ஜெரால்ட் ஃபின்சியின் ஐந்து பேகடெல்கள் (சின்னச் சின்ன உருப்படிகள்), ஓபஸ் 23. இங்கிலாந்துக்காரர். 1943 ஜனவரியில், யுத்தத்தின் நடுவில், லண்டன் நேஷனல் கேலரியில் நடந்த பகல் கச்சேரி ஒன்றில் பாலின் ஜூலர் என்ற பெண்மணி இதில் நான்கை முதன்முதலாக வாசித்தார். குண்டுவீச்சுக்குப் பயந்து அங்கிருந்த ஓவியங்களையெல்லாம் வேல்ஸில் ஒரு சுரங்கத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். படமில்லாத சுவர்களுக்கு நடுவே ஜனங்கள் உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாவது பேகடெல்லான 'கேரல்' இருக்கிறதே, கிரேடு 4 பிள்ளை கூட விரலை வைத்துவிடும். அதை அந்தச் சுவர்களை நினைத்துக்கொண்டு ஒரு தடவை ஊதிப் பார். உன் மூச்சு தானாக நிதானப்படும். கேரலையும், அடுத்து வரும் ஃபோர்லானாவையும் சேர்த்து வாசி. வெபரில் உன் விரல் தெரியும், இதில் நீ தெரிவாய்.

பியானோ துணை கிடைப்பதுதான் மலையில் கஷ்டம் என்பது எனக்குத் தெரியும், அங்கே 26 வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவன். துணை கிடைக்காவிட்டால் ஸ்ட்ராவின்ஸ்கி 1918-ல் தனிக் கிளாரினெட்டுக்கு எழுதின மூன்று துண்டுகளைப் பார். சுவிட்சர்லாந்தில் வெர்னர் ரைன்ஹார்ட் என்ற வியாபாரி அவருக்குப் பணம் கொடுத்து உதவினார், அவர் பொழுதுபோக்காகக் கிளாரினெட் வாசிப்பவர், அதற்கு நன்றி இது. மூச்சுக் குறியும் அழுத்தக் குறியும் போட்டபடியே வாசிக்க வேண்டும் என்று ஸ்ட்ராவின்ஸ்கி அச்சிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மூன்றாவது துண்டு பி-பிளாட்டுக்கே எழுதினது, உனக்குச் சௌகரியம். பெண் ஒருவர் எழுதினதை வாசிக்க ஆசை இருந்தால் ஜெர்மேன் டைலஃபேர் 1957-ல் எழுதின தனிக் கிளாரினெட் சொனாட்டா இருக்கிறது, அதற்கும் பியானோ வேண்டாம்.

பதிப்பு விஷயம் ஒன்று. வெபரை எடுக்கும்போது இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவை. பேர்மனின் மகன் கார்ல் பேர்மன் பின்னாளில் போட்ட பதிப்பில் வெபர் எழுதாத குறிகள் நிறைய ஏறியிருக்கின்றன. அவற்றை வாசிக்கக் கூடாது என்பதில்லை, அந்தக் குடும்பத்துப் பழக்கம் அவை. ஆனால் எது வெபர், எது பேர்மன் என்று உனக்குத் தெரிய வேண்டும். சிவப்புப் பென்சிலால் வித்தியாசங்களை வட்டமிடு. அந்தச் சிவப்பு வட்டங்கள்தான் ஆராய்ச்சி. நேர்காணலில் அந்தப் பக்கத்தையே மேஜையில் வைக்கலாம்.

எட்யூடுக்கு சிரீல் ரோஸின் 32 எட்யூடுகளில் ஒன்று போதும். அவை ஃபெர்லிங் என்பவர் ஓபோவுக்கு எழுதினவற்றிலிருந்து எடுத்தவை, மெதுவும் வேகமுமாக மாறி மாறி வரும். மெதுவானதை எடு. ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பக்கம், தமிழிலேயே, உன் வார்த்தையில் எழுதி வை. இங்கிலீஷில் கேட்டால் அப்போது மாற்றிச் சொல்லிக்கொள்ளலாம். தமிழில் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

கேள்வி: நாங்கள் அம்மாபேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறோம். என் மகனுக்கு 19 வயது. கல்யாண பேண்டு செட்டில் கிளாரினெட். எந்தப் பாட்டையும் ஒருமுறை கேட்டால் வாசித்துவிடுவான், நொட்டேஷன் தெரியாது. ராணுவ பேண்டில் சேர ஆசைப்படுகிறான். பி-பிளாட், ஏ என்று ஏதேதோ சொல்கிறார்கள், ஒன்றும் புரியவில்லை. இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா?
— தறிக்காரர், அம்மாபேட்டை

பதில்: முடியும் ஐயா. காது இருக்கிற பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக்கொடுப்பது சுலபம், எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளைக்குக் காதைக் கொண்டுவருவதுதான் பாடு.

பி-பிளாட் என்பதை நம் கணக்கில் சொல்கிறேன். பியானோவில் சி என்பது 1 கட்டை. உங்கள் மகன் தன் வாத்தியத்தில் சி என்று எழுதியிருப்பதை ஊதினால் வெளியே வருவது 6½ கட்டை. அதாவது பியானோவைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே. அதனால்தான் இது பி-பிளாட் கிளாரினெட். பியானோக்காரர் சி வாசித்தால் இவன் டி பிடிக்க வேண்டும். ஏ-கிளாரினெட் கொஞ்சம் நீளம், அதில் சி ஊதினால் 6 கட்டை வரும். அவ்வளவுதான் சங்கதி. கச்சேரியில் பாடகருக்குத் தக்க சுருதி மாற்றிக்கொள்கிற நமக்கு இது புதிதே இல்லை.

இன்னொன்று அவனுக்கு விரலில் தெரிந்திருக்கும், காரணம் தெரிந்திருக்காது. புல்லாங்குழலிலும் நாயனத்திலும் அதே விரலில் மூச்சை இறுக்கினால் மேல் ஸ்தாயி ச வரும். கிளாரினெட்டில் இடது கட்டைவிரல் கீயைத் தொட்டால் ச இருந்த விரலில் மேல் ஸ்தாயி ப வரும். நாயனம் அடி நோக்கி விரிகிற கூம்பு. கிளாரினெட் நேர்க் குழாய், ரீடு பக்கம் மூடினது மாதிரி வேலை செய்கிறது. அப்படிப்பட்ட குழாய் ஒரு ஸ்தாயி தாண்டாது, ஒரு ஸ்தாயியும் ஒரு பஞ்சமமும் தாண்டும். சுமார் 1700-ல் நியூரம்பர்க்கில் டென்னர் என்ற வாத்தியம் செய்பவர் அந்தக் கீயைப் பொருத்தின நாளில்தான் கிளாரினெட் பிறந்தது என்று சொல்வார்கள். அதனால் இதில் கீழ் ஸ்தாயிக்கு ஒரு விரல் கணக்கு, மேல் ஸ்தாயிக்கு வேறு கணக்கு. எழுத்தில் பார்க்கும்போது இந்த இரண்டாம் கணக்குத்தான் பையனைக் குழப்பும். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பாடப் புத்தகத்தை முதலில் நீட்ட வேண்டாம். அவன் நன்றாக வாசிக்கிற ஒரு பாட்டின் பல்லவியை யாரையாவது விட்டு ஐந்து கோட்டில் எழுதச் சொல்லி அவன் முன்னால் வையுங்கள். தான் வாசிப்பது எழுத்தில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டால் பயம் போய்விடும். அப்புறம் க்ளோஸே என்பவரின் கிளாரினெட் பாடப் புத்தகம். 1843-ல் பாரிஸில் வந்தது, இன்றைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ராணுவத்துக்கென்று மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் இசைப் பயிற்சி மையமே இருக்கிறது, அங்கே எல்லாமே எழுத்தில்தான். தினம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். முகூர்த்த சீசனிலும் விடக் கூடாது. அந்த ஒரு மணி நேரம் தறிச் சத்தம் இல்லாத இடமாகப் பார்த்துக் கொடுங்கள் ஐயா.

கேள்வி: நான் கர்நாடக இசையில் கிளாரினெட் கற்றவள். மேற்கத்திய ஆடிஷனில் ஒரு கீர்த்தனை வாசித்தால் ஏற்பார்களா?
— வாசகி, ஓமலூர்

பதில்: பட்டியலில் 'உங்கள் விருப்பம்' என்று ஓர் இடம் இருந்தால் தாராளமாக வாசியுங்கள் அம்மா. மற்ற இடத்தில் அவர்கள் கேட்டதைத்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு, உங்கள் வழி எது என்பதையும் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மகாதேவ நட்டுவனார் சதிர் என்ற நாட்டியக் கச்சேரிக்குக் கிளாரினெட்டைக் கொண்டுவந்தார். திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அவர்கள் நாயனத்துக்கு இணையாக இதில் ராகம் விரித்து, 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்ற பெயரோடு 2022-ல் பத்மஸ்ரீயும் பெற்றார். கீயும் துளையுமாகத் தடுக்கித் தடுக்கி நிற்கிற இந்த வாத்தியத்தில் கமகம் வராது என்றவர்களுக்கு அவர் வாசிப்பே பதில். தோடியில் காந்தாரம் அசைகிறதைக் கேளுங்கள், துளையை விரல் முழுக்க மூடாமல் வழித்துக்கொண்டு போவது காதிலேயே தெரியும்.

இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்கிற உருப்படி வேண்டுமானால் ஜான் மேயரின் 'ராக மியூசிக்' பாருங்கள். 1930-ல் கல்கத்தாவில் பிறந்து லண்டன் போனவர், தனிக் கிளாரினெட்டுக்கு எழுதியிருக்கிறார். மேற்கத்தியப் பட்டியலில் செல்லும், உங்கள் காதுக்கும் அந்நியமாக இருக்காது. நீங்கள் அதை வாசித்தால், அங்கே வருகிற மற்ற எவரும் கொண்டுவர முடியாத ஒன்று அதில் இருக்கும்.

கேள்வி: நொட்டேஷனை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்வது தப்பா?
— வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் இறந்து 60 வருஷம் முடிந்தால் பதிப்புரிமை தீர்ந்துவிடும். வெபர், பிராம்ஸ், டெபுஸ்ஸி எல்லாம் தாராளம். 1956-ல் இறந்த ஃபின்சியும் சரி. பூலாங்க் தன் கிளாரினெட் சொனாட்டாவை 1962-ல் எழுதிவிட்டு மறு ஜனவரியில் இறந்தார். ஏப்ரலில் நியூயார்க்கில் பென்னி குட்மன் அதை அரங்கேற்றினபோது அவர் இல்லை. அது இங்கே 2024-லிருந்து சுதந்திரம். ஸ்ட்ராவின்ஸ்கி 1971 வரை இருந்தவர், அவரைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பூலாங்க் விஷயத்தில் மட்டும், இலவசமாகக் கிடைத்தாலும் திருத்திய புதுப் பதிப்பை வாங்குவதே நல்லது. பழைய அச்சில் பிழைகள் உண்டு.

கேள்வி: மாஸ்டர், இன்னொரு சின்னக் கேள்வி. மலையில் பனிக்காலத்தில் என் சுருதி இறங்கிவிடுகிறது, சேலம் வந்தால் ஏறிவிடுகிறது. ரீடும் ஒரு நாள் போல் ஒரு நாள் இல்லை. சென்னையில் என்ன ஆகும்?
— அதே ஏற்காட்டு மாணவி

பதில்: சரியாகத்தான் கவனித்திருக்கிறாய். குழாய்க்குள் காற்று குளிர்ந்தால் சுருதி இறங்கும், சூடானால் ஏறும். ஏற்காட்டில் பேரலை (ஊதுமுனைக்குக் கீழே வரும் சின்னத் துண்டு) முழுக்க உள்ளே தள்ளி வாசிக்கிற பழக்கம் உனக்கு வந்திருக்கும். சென்னை வெயிலில் அதையே செய்தால் பியானோவுக்கு மேலே நிற்பாய். பேரலை ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து வாசிக்க இப்போதே பழகு. ஏ.சி. ஹால் என்றால் மறுபடி குளிர். உள்ளே கூப்பிடும் முன் வாத்தியத்தை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள், சத்தம் வராமல் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே இரு. உன்னுடையது கருங்காலி போன்ற ஆப்பிரிக்கக் கறுப்பு மரம் என்றால், விடியற்காலைக் குளிரில் எடுத்த உடனே பலமாக ஊதாதே. உள்ளே சூடு, வெளியே குளிர் என்றால் மரம் கீறல் விட்டுவிடும். என்னுடைய ஒரு வாத்தியம் அப்படித்தான் மேல் துண்டில், ட்ரில் கீ துளையிலிருந்து கீழே வெடித்தது. டிசம்பர் மாதம், ஏரிக்கரையில் ஒரு பள்ளி விழா.

ரீடு, நாயனத்துச் சீவாளி மாதிரி, நாணல்தான். பனியில் ஊறி நெளியும், வெயிலில் காய்ந்து விறைக்கும். நான்கு ரீடை இன்றைக்கே தேர்ந்தெடுத்து அடியில் பென்சிலால் 1, 2, 3, 4 என்று எழுது. தினம் ஒன்றாக மாற்றி மாற்றி வாசி, ஒவ்வொன்றும் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நான்கையும் தட்டையான கண்ணாடித் துண்டில் ரப்பர் பேண்டு போட்டுக் காய வை. மலையில் மிக நன்றாக இருக்கிற ரீடு கடற்கரை ஈரத்தில் தொண்டை கட்டினாற்போல் ஆகலாம். ஆகவே ஒரு நாள் முன்னதாகச் சென்னை போய்விடு. சாயங்காலம் நான்கையும் ஊதிப் பார்த்து, கன்சர்ட்டினோவின் அந்த லெண்டோவில் எது அடிக்குரல் கொடுக்கிறதோ அதை வைத்துக்கொள்.

மலையிலிருந்து இறங்கும்போது பெட்டியை மேலே லக்கேஜ் கம்பியில் போடாதே. இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. மடியில் வைத்துக்கொள், கண்ணு.